தட்டாமல் விட்ட குருட்டடி

ஆற்றங்கரை வீடு,
திருவிழா அன்று காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் அபுந்தியோ அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை பெர்பெத்துவாவின் கணவனும், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவனும், பன்னிரண்டு வருடங்களாகத் தங்களுக்கு ஒரு வரிகூட எழுதாதவனுமாகிய பொன்சியானோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். பன்றி நலம். சேவல்கள் இரண்டும் நலம். போன புயலில் பறந்துபோன கூரைத் தகரத்தில் பாதி திரும்பக் கிடைத்துவிட்டது, அதுவும் நலம். தங்கள் தங்கையும் நலமாகவே இருப்பாள் என்று நம்புகிறேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசாததால் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள முடியவில்லை. கனடாவில் தங்கள் நலத்தையும், வீட்டார் நலத்தையும், அங்கே ஆள் உயரத்துக்குக் கொட்டுகிறது என்று சொல்கிறார்களே, அந்தப் பனியின் நலத்தையும் அறிய ஆவல்.

இக்கடிதம் எழுதக் காரணம் யாதெனில், தங்களிடம் மன்னிப்புக் கேட்பது. திகைக்க வேண்டாம், எழுதுவது நான்தான், குடிக்கவும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆற்றுப் பவனியில் எந்தக் கரைக்கு முதல் படகு என்று முடிவு செய்கிற பூல் போட்டியின் கடைசி ஆட்டத்தில் நீங்கள் வெள்ளைப் பந்தைத் துள்ள வைத்து, நடுவில் மறித்துக்கொண்டிருந்த எட்டாம் பந்தைத் தாண்டி, ஒன்பதாம் பந்தை மூலைக் குழிக்குள் போட்டீர்கள். ஊரே உங்களைத் தோளில் தூக்கியது. நான் ஒருவன் மட்டும் கையில் பாட்டிலோடு பெஞ்சு மேல் ஏறி நின்று, “மச்சான், மேசயத் தட்டுங்க! குருட்டடிதானே அது, மரியாதையா தட்டுங்க!” என்று கத்தினேன். நீங்கள் தட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், கோலைத் துடைத்துப் பைக்குள் வைத்தீர்கள், அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் போனது சம்பளத்துக்காகத்தான் என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் பெத்துவா இன்றுவரை, “எங்கண்ணன பிளேன் ஏத்தி விட்டதே உங்க வாயிதான்” என்றுதான் சொல்கிறாள். அந்த அடி குருட்டடி இல்லை, மச்சான். அது முழுக்க முழுக்கத் திறமை. இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதைத்தான் கீழே விவரமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

நீங்கள் போன பிறகு பவனிப் போட்டியில் நம் கரை ஒரு வருடம்கூட ஜெயிக்கவில்லை. பதினோரு வருடம், மச்சான். பதினோரு வருடமும் ஆற்றுப் பவனியில் அக்கரை அந்தோனியார் முதல் படகில் போகிறார், நம் செபஸ்தியார் இரண்டாம் படகில் பின்னால் போகிறார். இரண்டாம் படகு என்றால் சும்மா இரண்டாவது இல்லை. அக்கரைக்காரர்களின் டீசல் எஞ்சின் கக்குகிற புகை அத்தனையும் நம் செபஸ்தியார் முகத்தில். ஏற்கெனவே உடம்பெல்லாம் அம்பு பாய்ந்து நிற்கிறவர், அவருக்கு இது வேறு. சுரூபத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பது யார், கோயில் பெண்கள் சங்கத் தலைவி பெர்பெத்துவா. பவனி முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் மூக்குத் துவாரம் இரண்டும் கறுப்பாக இருக்கும். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து செபஸ்தியாரின் மேலங்கியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். இந்த வருடம் புது மேலங்கி. எட்டு மாதம் தைத்தாள். வெள்ளைப் பட்டு, ஓரம் முழுக்கத் தங்க மணி. தைத்து முடித்து என் முன்னால் விரித்துக் காட்டிவிட்டு, “இதுலயும் கரியப் பூசிடுவானுங்கல்ல?” என்று கேட்டாள். நான் எழுந்து போய்ப் பன்றிக்குத் தண்ணீர் வைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூல் மேசையில் என் திறமை தங்களுக்குத் தெரியாததல்ல. எஞ்சின் விஷயத்தில் என் கை பேசும், அதை யாரும் மறுக்க முடியாது. போன வாரம்கூட அக்கரைக்காரர்கள் அவர்களுடைய பவனிப் படகின் எஞ்சினை, எதிர்க்கரைக்காரன் ஆயிற்றே என்றுகூடப் பாராமல் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நானும் தொழில் தர்மம் என்று முழுசாகப் பிரித்து, ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துப் பூட்டிக் கொடுத்தேன். ஆனால் கோலைப் பிடித்தால் அதே கை ஊமையாகிவிடுகிறது. முப்பது வருடமாகக் கோன்சிங் அக்கா கடை வாசலில் ஆடுகிறேன், நான் அடித்த பந்து குழியில் விழுந்ததைவிட மேசையை விட்டு எகிறி அக்காவின் ஊறுகாய் ஜாடியில் விழுந்ததுதான் அதிகம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஊர்த் தலைவர் ருஃபினோவோடு ஆடிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் பந்து எதிர்ப்பக்க விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நேராகப் போட வழியே இல்லை. ஏதோ அடித்து வைப்போம், தலைவர் முடித்துக்கொள்ளட்டும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று குனிந்தேன். கோன்சிங் அக்கா உள்ளே மிளகாய் வறுத்தாள். கோலைப் பின்னுக்கு இழுத்த நேரத்தில் எனக்குத் தும்மல் வந்தது. அதே நேரம் வாசலில் ஒரு மூன்றுசக்கர வண்டி படபடவென்று போனதால் தும்மியது யார் காதிலும் விழவில்லை. நான் கண்ணைத் திறக்கிறேன், மேசையில் ஒன்பதாம் பந்தைக் காணோம்.

யாரோ விளையாட்டுக்கு எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்க்கிறார்கள். பந்து மூன்று விளிம்பில், நம் மேசைப் பேச்சில் சொன்னால் மூன்று கரையில், மோதித் திரும்பி வந்து, என் தொப்பைக்குப் பக்கத்தில் இருக்கிற மூலைக் குழியில் விழுந்திருக்கிறது. தலைவர் கோலைக் கீழே வைத்துவிட்டார். “யோவ் பொன்சியானோ,” என்றார், “மூணு கரையில போட்டுட்டு விழுந்துச்சா இல்லையான்னுகூட பாக்காம கீழ என்னய்யா தேடுற?” கோன்சிங் அக்கா கரண்டியோடு வெளியே வந்து, “என்ன திமிரு பாரேன் இந்த மனுசனுக்கு!” என்றாள். அந்த இடத்தில் நான் தட்டியிருக்க வேண்டும். குறி வைத்தது ஒன்று, விழுந்தது வேறு என்றால் அடித்தவனே விரல் முட்டியால் மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, குருட்டடி என்று ஒப்புக்கொள்வது நம் மேசை வழக்கம். அதைத் தங்களுக்கு நானா சொல்ல வேண்டும், தங்களிடமே கத்திக் கேட்டவன் ஆயிற்றே. ஆனால் என்ன நடந்தது என்று எனக்கு விளங்குவதற்குள் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். குலுக்குகிற கையால் எப்படித் தட்டுவது? பந்து விழுந்த சூட்டோடு தட்டினால்தான் தட்டு. ஐந்து நிமிடம் கழித்துத் தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் செய்தி போய்விட்டது. மேசையில் சோறு வைத்திருந்தாள் உங்கள் தங்கை. என் தட்டில் கோழிக்கால் இருந்தது. மச்சான், முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் எனக்கு எப்போதும் கழுத்துதான். கழுத்து எனக்குப் பிடிக்கும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அன்றைக்குக் கால். அதோடு, எதிரில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்து என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை, அன்றைக்கு அவள் பார்வையெல்லாம் சமையல்காரன் மேலேயே இருந்தது. “ஏங்க, இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள். தும்மினேன், விழுந்தது, அவ்வளவுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் கோழிக்கால் போய்விட்டது. நான் செய்த முதல் பாவம் அதுதான், அதைத் தங்களிடம் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் காலையிலேயே தலைவர் வந்து, இந்த வருடம் பவனிப் போட்டியில் நம் கரைக்கு நான்தான் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போனார். பெத்துவா சங்கத்துப் பெண்களிடம், “இந்தத் தடவ புகைய அவளுங்க குடிக்கட்டும்” என்று அறிவித்துவிட்டாள். சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “சாமி, அது குருட்டடி. நான் தட்டல. ஊரையே ஏமாத்திட்டேன்” என்றேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “தாழ்ச்சி நல்ல குணம்தான் மகனே. ஆனா அளவுக்கு மேல போனா அதுவும் ஒரு விதத்துல ஆங்காரம்தான்” என்றார். அதோடு குரலைத் தாழ்த்தி, “நெசமாவே மூணு கரையா? ரெண்டுதான்னு கேள்விப்பட்டேனே” என்றார். மூன்றுதான் என்றேன். எத்தனை விளிம்போ அத்தனை மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார்.

சரி, வாயால் சொன்னால்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள், கையால் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோன்சிங் அக்கா கடையில் வாழைப்பழப் பொரியல் தின்றுகொண்டிருக்கும்போது, “எல்லாரும் பாருங்க!” என்று கூப்பிட்டேன். ஒன்பதாம் பந்தை அதே இடத்தில் ஒட்டி வைத்தேன். வெள்ளைப் பந்தை அதே இடத்தில் வைத்தேன். “இது நூறு தடவ அடிச்சாலும் விழாது. அன்னிக்கு விழுந்தது என் திறமையில்ல. இப்ப பாருங்க” என்று சொல்லி, நிச்சயம் தவற வேண்டும் என்பதற்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குறியே இல்லாமல் ஓங்கி ஒரு அடி அடித்தேன். டொக், டொக், டொக் என்று மூன்று சத்தம் கேட்டது. பிறகு குழிக்குள் பந்து உருளும் சத்தம். கண்ணைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நம் மேசையின் ஒரு காலைக் கறையான் தின்று, செங்கல் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறது. மேசை என் பக்கம் சரிவு, அதனால்தானோ என்னவோ. அதையும் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கண்ண மூடிட்டு போடுறான்யா! போட்டுட்டு செங்கல்லுக்குப் பேர் குடுக்குறான்யா!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றிரவு இரண்டு கோழிக்கால்.

இனி வேறு வழியில்லை, திறமையை உண்டாக்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தது. தினமும் மத்தியானம் ஊர் தூங்குகிற நேரத்தில் நானும் மேசையும் கோன்சிங் அக்காவின் வாத்தும் மட்டும் இருப்போம். எல்லா அடியும் கற்றுக்கொள்ள எனக்கு ஆயுள் போதாது, அதனால் அந்த ஒரே அடியை எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம், ஒரே அடி. முதல் வாரம் எனக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. இரண்டாம் வாரம் ஐம்பதில் ஒன்று விழுந்தது. மூன்றாம் வாரம், மச்சான், வெள்ளைப் பந்தின் இடுப்புக்குச் சற்றுக் கீழே, இடது பக்கமாக ஒரு நெல் அளவு தள்ளித் தொட்டால் போதும் என்பது என் கைக்கே தெரிந்துபோயிற்று. எஞ்சினில் எந்தத் திருகாணி லொடலொட என்கிறது என்று காதுக்குத் தெரிவதுபோல. பத்தில் ஆறு விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு அடிக்கே மூன்று வாரம் என்றால், நீங்கள் அந்தத் துள்ளல் அடிக்கு எத்தனை வருடம் குனிந்திருப்பீர்கள், நான் பெஞ்சு மேல் ஏறி நின்று என்ன சொன்னேன்! வாத்து பார்க்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாசமாய்ப் போனது இதனால்தான். முதல் தடவை தட்டாமல் விட்ட குற்ற உணர்ச்சி என்னை அரித்துக்கொண்டே இருந்ததால், மத்தியான நேரத்தில் பந்து விழும் ஒவ்வொரு தடவையும், திறமையோ குருட்டடியோ, பாவ பரிகாரமாக இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே வந்தேன். விழுந்தால் தட்டு, விழுந்தால் தட்டு. கடைசியில் வாத்துகூட இரண்டாவது தட்டுக்குத் தலையை ஆட்டியது.

நேற்று முன்தினம் காலை போட்டி. இந்த வருடம் நம் கரை முறை என்பதால் நம் மேசையிலேயே. அக்கரையிலிருந்து ஆடியது மீன் விற்கிற ஹோவிதா. உங்கள் காலத்தில் சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள். காலையில் மீன் அறுத்த அதே கையைக் கழுவிக்கொண்டு வந்து கோலைப் பிடிப்பாள், முள்ளெடுக்கிற நிதானத்தோடு அடிப்பாள், வாயே திறக்க மாட்டாள். ஐந்து ஆட்டம் முதலில் எடுப்பவர்களுக்கு முதல் படகு. இதில் அவளே என்னை ஐந்துக்குப் பூஜ்யத்தில் முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் பேர்தான் ஊரெல்லாம் பரவியிருக்கிறதே! நான் குறி தவறி ஏதோ ஒரு மூலையில் பந்தைக் கொண்டுபோய்ச் செருகினால், கூட்டம், “ஐயோ, எப்படி ஒளிச்சு வெச்சான் பாரு!” என்கிறது. ஹோவிதா அதற்குப் பின்னால் இருக்கிற சூழ்ச்சியை யோசித்து யோசித்து நெற்றி வியர்த்துத் தப்பாக அடிக்கிறாள். ஒரு தடவை என் கோல் வழுக்கி வெள்ளைப் பந்து நான்கு விரற்கடை தூரம்தான் நகர்ந்தது. சாமியார் எழுந்து நின்று கைதட்டினார். இப்படியே போய், கடவுளுக்கே வெளிச்சம், நாலுக்கு நாலு.

கடைசி ஆட்டம். மேசையில் ஒன்பதாம் பந்து மட்டும். எங்கே நிற்கிறது? எதிர்ப்பக்க விளிம்பில் ஒட்டிக்கொண்டு. வெள்ளை எங்கே? அதே இடத்தில், அரை விரல்கூட மாற்றமில்லை. பெத்துவா முதல் வரிசையில் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதன் ஓரத்து மணிகளை ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தாள். போட்டியில் எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். “ஒன்பது. மூணு கரை. இந்த மூலை” என்று என் தொப்பைப் பக்கம் காட்டினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தும்மல் வரவில்லை. கண்ணை மூடவில்லை. குனிந்தேன், நெல் அளவு இடது பக்கம், தொட்டேன். மச்சான், அடித்த கணத்திலேயே எனக்குத் தெரியும். டொக். டொக். டொக். ஒன்பதாம் பந்து கோயிலுக்குள் நுழைகிற புது மணப்பெண் மாதிரி மெதுவாக வந்து குழிக்குள் இறங்கியது. என் ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில், இதை நான் செய்தேன், நானே செய்தேன் என்று சொல்லக்கூடிய ஒரே அடி. பெத்துவா எழுந்துவிட்டாள். தலைவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

என் கை தட்டியது. டக், டக்.

நான் தட்டவில்லை, மச்சான். என் கை தட்டியது. அந்த ஒரே அடிக்கு மூன்று வாரப் பழக்கம். கூட்டத்தின் சத்தம் அப்படிப் பாதியில் நின்றுபோனதை நான் எங்கும் கண்டதில்லை. முன்கூட்டிச் சொன்ன குழியிலேயே விழுந்தாலும், பவனிப் போட்டியில் தட்டினால் பந்து செல்லாது, எடுத்துப் பழைய இடத்தில் வைத்து எதிராளிக்குக் கொடுக்க வேண்டும். தட்டுவது அடித்தவனின் மனச்சாட்சி, நடுவரே ஆனாலும் அதில் வாய் திறக்கக் கூடாது. “இல்ல, இல்ல! கை தானா... பழக்கத்துல...” என்று நான் உளற, அக்கரைத் தலைவர், “தட்டினா தட்டினதுதான்யா, உங்க மேசதான, உங்க வழக்கம்தான!” என்கிறார். நம் தலைவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “குருட்டடி அடிச்சப்பல்லாம் தட்டாதவன், இப்ப எதுக்குய்யா தட்டுன?” என்கிறார். ஒரு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியபோது நம்பாத மனுஷன், தலை போகிற நேரத்தில் நம்பினார். இதில் எனக்காகப் பேசியது யார் தெரியுமா? ஹோவிதா. போட்டி முழுக்க வாய் திறக்காதவள், “அண்ணே, அது குருட்டடி இல்லியே. நீங்க தொட்ட எடத்த நான் பாத்தேனே” என்றாள். என் திறமையை ஒரு ஜீவன் கண்டுகொண்டது, அதுவும் எதிரி. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தட்டு தட்டுதான். பந்தை எடுத்து வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு, குனிந்து, இரண்டே விளிம்பில் எதிர்மூலையில் போட்டு முடித்தாள். தட்டவில்லை. தட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றிலிருந்து உங்கள் தங்கை நாயின் மூலம்தான் என்னோடு பேசுகிறாள். “டேய் கறுப்பா, அந்த மனச்சாட்சிக்காரர்கிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு.” தட்டில் கழுத்துகூட இல்லை, வெறும் கருவாட்டுத் தலை. அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை, மச்சான். நேற்று மத்தியானம் அவள் அந்த வெள்ளை மேலங்கியைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, போன வருடத்துப் பழைய மேலங்கியை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதியதில் கரி ஏற வேண்டாம் என்று. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் பெட்டியைத் திறந்து புதியதை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். நாயைப் பார்த்து, “எவ்ளோ கரி வந்தாலும் நானே தொவைக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லுடா” என்றேன். இன்று காலை செபஸ்தியாருக்குப் புதியதுதான் போட்டிருக்கிறாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் பவனி. புகை குடிக்க நானும் அதே படகில் போகிறேன்.

ஆகவே மச்சான், முடிவாக எழுதுகிறேன். பூலில் அதிர்ஷ்டம் என்பது உண்டு, அது முழுக்க என்னிடம் வந்து வீணாய்ப் போனது. திறமை என்பதும் உண்டு, அது தங்களிடம் இருந்தது. தங்களுடைய அந்தத் துள்ளல் அடியைக் குருட்டடி என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லித் திரிந்ததற்கு இந்தக் காகிதத்தின் வழியே தங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். இனிக் கோலைத் தொடுவதில்லை, ஊரார் முன்னால் எதற்கும் பேர் வாங்குவதில்லை, எனக்குச் சேராத புகழ் வந்தால் அந்த இடத்திலேயே அந்த நிமிடத்திலேயே தட்டி மறுத்துவிடுவேன் என்று செபஸ்தியாரின் அம்புகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் மாதாவின் பாதுகாப்பும், கதகதப்பான காலுறையும், குறைவில்லாத சுகமும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தாழ்மையுள்ள மைத்துனன்,
பொன்சியானோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டுப் போனது நல்லதாயிற்று. இப்போதுதான் பவனி முடிந்து வந்தேன். முதல் படகில் அந்தோனியார், பின்னால் நாங்கள், புகை வழக்கம்போல. பெத்துவா மேலங்கிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நடு ஆற்றுக்கு வந்ததும் அக்கரைக்காரர்களின் எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றே போய்விட்டது. ஆமாம், போன வாரம் நான் முழுத் திறமையையும் காட்டி, ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்துப் பூட்டிக் கொடுத்த அதே எஞ்சின்தான். வேறு வழியில்லாமல் கயிறு கட்டி அந்தோனியாரை நாங்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நம் செபஸ்தியார் முன்னால், வெள்ளைப் பட்டு பளபளக்க, ஒரு துளிக் கரி இல்லாமல். எங்கள் எஞ்சின் புகை முழுக்கப் பின்னால். இரண்டு கரையிலும் ஜனங்கள் கத்துகிறார்கள். தலைவர் ருஃபினோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “எஞ்சின் நடு ஆத்துல நிக்கும்னு தெரிஞ்சேதான்யா அன்னிக்கு தட்டியிருக்கான்! போட்டியையும் விட்டுக்குடுத்து, பேரையும் காப்பாத்தி, பவனியையும் அடிச்சுட்டான்யா! மூணு கரை!” என்று படகே ஆடும்படி கத்தினார். பின்னால் இழுபட்டு வந்த படகிலிருந்து, புகையில் இருமிக்கொண்டே ஹோவிதா குரல் கொடுத்தாள்: “அண்ணே, தட்டலியா?”

தட்டியிருக்கலாம். படகின் விளிம்பு மரம்தான், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பெத்துவா என் பக்கம் திரும்பி, நாய் எதுவும் நடுவில் இல்லாமல் நேராக என்னிடமே, “ஏங்க, நெசமாவே தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?” என்று கேட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை இருந்தது, மறுக்கவில்லை. அதை நான் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பெத்துவாவுக்கு எழுதிவிட வேண்டாம், படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். இன்னொன்று. தங்கள் துள்ளல் அடியைப் பற்றி மறுபடி யோசித்துப் பார்த்தேன், மச்சான். அது குருட்டடிதான்.